பதினாறு புள்ளி நாலு

போன மாதம் என் பழைய வேதியியல் துறையிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவர் இப்போது அங்கே பயிற்சிக்குப் பொறுப்பாக இருக்கும் இளம் பேராசிரியை. ஆய்வு மாணவர்கள் எம்.எஸ்ஸி. வகுப்புகளுக்கு டீச்சிங் அசிஸ்டென்டாகப் போவதற்கு முன்னால் கொடுக்க வேண்டிய பயிற்சி இனிமேல் கணினியிலேயே முடிந்துவிடுமாம். சில வீடியோக்களைப் பார்க்க வேண்டும், கடைசியில் சில கேள்விகளுக்குச் சரியான கட்டத்தைத் தட்ட வேண்டும், சான்றிதழ் தானாக அச்சாகி வந்துவிடும். அதில் ஒரு வீடியோவுக்கு நான் பதினைந்து நிமிடம் பேசித் தர வேண்டும் என்று கேட்டார். தலைப்பு, மாணவர்களோடு நல்லுறவு.

அதில் தண்ணீர் உண்டா என்று கேட்டேன். மேசைமேல் பாட்டில் வைத்துவிடுகிறோம் மேடம் என்றார். பாவம், நல்ல பெண்தான். வெளியூரிலிருந்து வந்து சமீபத்தில் சேர்ந்தவர். நான் எந்தத் தண்ணீரைக் கேட்டேன் என்று அவருக்குச் சொல்ல யாரும் அங்கே மிச்சமில்லை.

கேமராவுக்கு முன்னால் உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். எழுதியாவது கொடுங்கள் என்றார். எழுதிவிட்டேன். இதைப் போடுவதும் கிழித்துப் போடுவதும் அவர்கள் பாடு. நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. இதில் இருப்பதற்கெல்லாம் நானே பொறுப்பு. நல்லுறவு பற்றி இதில் ஒன்றும் கிடையாது.

என் அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. மில் மூடிய பிறகு புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் ஒரு மரக்கடையில் வேலைக்குப் போனார். நான் உதவித்தொகையில் படித்து எம்.எஸ்ஸி. முடித்து ஆய்வு மாணவியாகச் சேர்ந்தேன். சேர்ந்த சில நாளிலேயே என் ஆய்வுக்கு வழிகாட்டிய கைடு என் கையில் ஒரு சாக்பீஸைக் கொடுத்து, தனக்கு மீட்டிங் இருப்பதாகச் சொல்லி, என்னை வகுப்புக்குள் அனுப்பிவிட்டார். ஒரு மணி நேரம் கரும்பலகையைப் பார்த்தே பேசினேன். திரும்பிப் பார்த்தால் அழுதுவிடுவேன் என்று பயம். பல்கலைக்கழகங்களில் ஆசிரியர்கள் உருவாகிற விதம் அதுதான். குளத்தில் தள்ளிவிடுவார்கள். கரையேறியவர்கள் பேராசிரியர்கள். அவர்களில் பாதிப் பேர் ஓய்வு பெறும்வரை கரும்பலகையையே பார்த்துப் பேசுவார்கள்.

நான் ஆசிரியையாக வேலையில் சேர்ந்ததும், ஆய்வு மாணவர்களுக்குக் கற்பிக்கப் பழக்கும் வேலையை எனக்குத் தாருங்கள் என்று கேட்டு வாங்கினேன். போட்டிக்கு யாரும் வரவில்லை. பதவி உயர்வுக்கு உதவாத வேலைக்கு யார் வருவார்கள்? தூக்கிக் கொடுத்துவிட்டார்கள்.

அந்தப் பயிற்சியின் முதல் நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றால் எங்கள் துறைக்குப் பின்னால் இருந்த போர்வெல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். தண்ணீரின் கடினத்தன்மையை அளக்கும் பரிசோதனைக்கு அந்தப் போர்த் தண்ணீரைத்தான் ஒரு கேனில் பிடித்து வைப்போம். சோப்பு நுரைக்காமல் படுத்துமே, பாத்திரத்தில் வெள்ளையாகப் படியுமே, அந்தக் குணத்துக்குத்தான் கடினத்தன்மை என்று பெயர். செய்முறை எளிது. தண்ணீரைக் குடுவையில் எடுத்து அதில் சேர்க்க வேண்டியதைச் சேர்த்தால் ஒயின் சிவப்பாக மாறும். மேலே பியூரெட் என்ற நீளக் கண்ணாடிக் குழாயிலிருந்து ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். சிவப்பு போய் நீலம் வந்ததும் குழாயை மூடிவிட்டு, எத்தனை மில்லி இறங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். எங்கள் போர்த் தண்ணீருக்குப் பதினாறு புள்ளி நாலு. மழைக்காலத்தில் கொஞ்சம் குறையும், கோடையில் கொஞ்சம் கூடும். ஆனால் மாணவர்களின் விடைத்தாளில் மழையும் கிடையாது, வெயிலும் கிடையாது. எப்போதும் பதினாறு புள்ளி நாலுதான். ஹாஸ்டல் அறையைக் காலி செய்யும்போது வாளி, விளக்குமாறோடு சேர்த்து சீனியர்கள் ஜூனியர்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போகும் எண் அது.

ஜூலையில் புது ஆய்வு மாணவர்கள் வருவார்கள். முதல் மாணவர், தங்கப் பதக்கம், தேசியத் தேர்வில் தேர்ச்சி என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பெருமை இருக்கும். பெரும்பாலானவர்கள் எங்களிடமே எம்.எஸ்ஸி. படித்தவர்கள். முதல் நாள் அவர்களை லேபில் நிறுத்தி, அதே பழைய கேனைக் காட்டி, கடினத்தன்மையைக் கண்டுபிடிக்கச் சொல்வேன். கேன்தான் பழசு. உள்ளே இருப்பது என் வீட்டுக் குழாய்த் தண்ணீர். ரெட்டியார்பாளையத்திலிருந்து ஸ்கூட்டரில் காலுக்கிடையில் வைத்துக் கொண்டுவருவேன். அதற்கு ஒன்பது மில்லி இறங்கினாலே பெரிது.

விடைகள் வரும். பதினாறு புள்ளி நாலு, பதினாறு புள்ளி நாலு, பதினாறு புள்ளி நாலு. யாராவது ஒருவர் தன்மானத்துக்காகப் பதினாறு புள்ளி மூன்று என்று எழுதியிருப்பார். வெளியில் படித்துவிட்டு வந்த ஓரிருவர் மட்டும் ஒன்பது என்று எழுதிவிட்டு, பக்கத்தில் இருப்பவர்களின் தாளை எட்டிப் பார்த்து அடித்துத் திருத்தியிருப்பார்கள்.

நான் திட்ட மாட்டேன். எல்லோரும் பார்க்க நானே அந்தத் தண்ணீரை எடுத்து, சொட்டுச் சொட்டாக விட்டு டைட்ரேட் செய்வேன். ஒன்பதுக்குள் நீலம் வந்துவிடும். அடுத்த வருஷம் வருகிறவர்களிடம் இதைச் சொல்லக் கூடாது என்று சொல்லி அனுப்புவேன். சொல்லவும் மாட்டார்கள். தான் ஏமாந்த கதையை எவன் ஊருக்குச் சொல்வான்?

சரவணன் வந்த வருஷம் நான் ஒரு கேள்வியும் கேட்டேன். நீலம் வந்த பிறகும் ஊற்றிக்கொண்டே போனீர்களா, இல்லை ஊற்றவே இல்லையா? எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். சரவணன் சேதராப்பட்டுக்காரன். அப்பாவுக்கு அங்கே ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. அதிகம் பேச மாட்டான். அவன் மட்டும் நிமிர்ந்து பதில் சொன்னான்.

"நீலம் வந்துச்சு மேடம். நான்தான் எதுனா தப்பு பண்ணிட்டேன்னு நெனச்சேன்."

அதுவரை இப்படி எழுதுகிறவர்களைச் சோம்பேறிகள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பயந்தவர்கள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. கண் நீலத்தைப் பார்க்கிறது. ஆனால் ஊரே பதினாறு புள்ளி நாலு என்கிறபோது, நம் கண்ணை நாமே பொய் சொல்கிறது என்று ஒதுக்கிவிடுகிறோம். இப்படிப்பட்டவர்கள்தான் அடுத்த வாரம் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு பாடம் சொல்லப் போகிறார்கள்.

மற்ற விதிகள் அதிலிருந்து வந்தவை. லேபில் டீச்சிங் அசிஸ்டென்ட் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். மாணவன் தடுமாறினால் பியூரெட்டைப் பிடுங்கித் தான் செய்து காட்டக் கூடாது. கெட்டிக்காரர்களுக்கு இது பெரிய தண்டனை. சிலருக்கு விரல்கள் துடிக்கும். ஒரு பெண் தன் துப்பட்டாவாலேயே மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டு நின்றாள். அடுத்தது, மாணவனின் முகத்தைப் பார்க்கக் கூடாது, கையைப் பார்க்க வேண்டும். முகம் எல்லாம் தெரிந்ததுபோல நடிக்கும், கை நடிக்காது. மதிப்பெண் போடும் முன் எப்படி வந்தது என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். சரியான விடைக்கும் கேட்க வேண்டும். சரியான விடைக்குத்தான் முக்கியமாகக் கேட்க வேண்டும்.

இதையெல்லாம் வீடியோவில் சொல்ல முடியாதா என்றால், சொல்லலாம். வீடியோவைப் பார்ப்பவர்கள் தலையாட்டுவார்கள். ஆனால் தன் கையாலேயே ஒரு பொய்யை எழுதி, அது தன் கண்முன்னால் நீலமாக மாறுவதைப் பார்க்காதவர்களுக்கு இது ஏட்டுச் சுரைக்காய்தான்.

இனி எங்கள் துறைத்தலைவர். எங்களுக்குள் அவரை எல்லோரும் முசியே என்போம், பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தம். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள பழைய புதுச்சேரிக் குடும்பம், பிரான்சில் படித்துவிட்டு வந்தவர். அவர் அறைக்குள் நாம் போனால் தன் நாற்காலியில் உட்கார்ந்து பேச மாட்டார். எழுந்து வந்து நமக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரோடு எப்படிச் சண்டை போடுவது? கழுத்தைத் திருப்பித் திருப்பிக் கோபப்பட முடியாது. காபி வரும். அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்பார். உண்மையான அக்கறையோடுதான் கேட்பார், அதுதான் ஆபத்து. முடியாது என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. பண்ணிடலாம்மா என்பார். பிறகு பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு "வுவாலா" என்று எழுந்துவிடுவார். அவ்வளவுதான், விஷயம் முடிந்தது என்று அர்த்தம். கோரிக்கை எதுவாக இருந்தாலும் அங்கேயே புதைத்தாயிற்று. இருபது வருஷத்தில் என்னுடைய பல கோரிக்கைகளை அந்த வுவாலாவில் அடக்கம் செய்திருக்கிறேன்.

அதில் ஒன்று, செய்முறைத் தேர்வு நாளில் காலையில் தேர்வாளரே மாதிரித் தண்ணீரை ஒருமுறை அளந்து பார்க்க வேண்டும் என்பது. அது ஏற்கெனவே விதியில் இருப்பதுதான். பல வருஷமாக யாரும் செய்வதில்லை. எதற்குச் செய்ய வேண்டும், பதினாறு புள்ளி நாலுதானே! மாணவர்கள் சீனியரைப் பார்த்துக் காப்பி அடித்தார்கள். ஆசிரியர்கள் தங்களையே பார்த்துக் காப்பி அடித்தார்கள்.

சரவணன் டீச்சிங் அசிஸ்டென்டாக லேபில் நின்ற இரண்டாம் வருஷம். எம்.எஸ்ஸி. கடைசி செமஸ்டரின் தொடக்கத்திலேயே அந்தத் தண்ணீர்ப் பரிசோதனையை மாணவர்கள் செய்து முடித்துவிட்டார்கள். அதற்கப்புறம் மாசியில் எங்கள் போர்வெல் மணல் கக்க ஆரம்பித்தது. கட்டடங்களைப் பராமரிக்கும் பிரிவினர் கொஞ்சம் தள்ளிப் புதிதாக ஒரு போர் போட்டு அதே குழாயில் இணைத்துவிட்டார்கள். எங்களிடம் யாரும் சொல்லவில்லை. எங்களில் யாரும் கேட்கவுமில்லை. கடலோர ஊரில் பத்தடி தள்ளித் தோண்டினாலே தண்ணீரின் குணம் மாறும் என்று பாடம் நடத்துகிற நாங்கள், அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டே நடத்தினோம்.

தேர்வில் எல்லோருக்கும் அந்தப் பரிசோதனைதான் வந்தது. எங்கள் பக்கத் தேர்வாளர் ஞானவேல், சரவணனின் கைடு. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் பஸ்ஸுக்கு அவசரப்படுகிறவர். காலையில் தண்ணீரை யாரும் அளக்கவில்லை. சரவணன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மாணவர்களின் கைகளைப் பார்த்தபடி நடந்துகொண்டிருந்தான்.

அவன் பார்த்ததை என்னிடம் பிறகு சொன்னான். ஒவ்வொரு கையாகப் பதினாறைத் தாண்டியதும் நின்றதாம். குடுவையில் இன்னும் சிவப்பு. பக்கத்துக் குடுவையைப் பார்த்தார்கள், அதிலும் சிவப்பு. குழாயை மூடினார்கள், குடுவையைக் குழாயடியில் கழுவி ஊற்றினார்கள், எழுதினார்கள். மூலையில் நின்ற கௌரி மட்டும் குழாயை மூடவில்லை. கௌரி பாகூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண், நடுத்தரமாகப் படிக்கிறவள். அவளுக்கு நீலம் வந்தபோது இருபத்தொன்று புள்ளி ஏழு. மறுபடி செய்தாள். மறுபடி அதே. புதிதாகத் தண்ணீர் கேட்டு வாங்கி மூன்றாம் முறையும் செய்தாள். மற்றவர்கள் தாளைக் கொடுத்துவிட்டு வெளியே போய்ச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் இருபத்தொன்று புள்ளி ஏழு என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

எல்லோரும் போன பிறகு சரவணன் கேனில் மிச்சமிருந்த தண்ணீரை அளந்தான். இருபத்தொன்று புள்ளி ஏழு. கேனை மூடிப் பத்திரமாக எடுத்துவைத்துவிட்டு, ஓடிப்போய் ஞானவேலிடம் சொன்னான். வெளித் தேர்வாளர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார், வாயை மூடிக்கொண்டு தீசிஸை எழுதுகிற வழியைப் பார் என்று பதில் வந்தது.

முடிவு வந்தபோது வகுப்பு முழுவதும் முதல் வகுப்பு. கௌரி மட்டும் ஃபெயில். விடை அனுமதித்த அளவைத் தாண்டித் தப்பு. புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் ஒரு தொழிற்சாலையின் பரிசோதனைக்கூடத்தில் அவளுக்கு வேலை தயாராக இருந்தது. பட்டம் கையில் வந்தால்தான் சேர்த்துக்கொள்வார்கள். அடுத்த வாய்ப்பு மறு வருஷம்தான், அதுவரை அந்த வேலை காத்திருக்காது. வீட்டில் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள் என்று சிநேகிதியிடம் சொல்லி அழுதிருக்கிறாள். ஆனால் சண்டை போட வரவில்லை. சரவணனைத் தேடி வந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாளாம். "எங்க தப்பு பண்ணேன்னு மட்டும் சொல்லுங்கண்ணா. அடுத்த வருஷம் சரியா பண்ணிடறேன்."

அவன் எடுத்துவைத்திருந்த கேனைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தான். கௌரி கேட்டதைச் சொல்லிவிட்டு, அவளுக்கு நான் என்ன பதில் சொல்வது என்று என்னைக் கேட்டான். இதை முசியேயிடம் நான் கொண்டு போகிறேன், நீ ஒதுங்கிக்கொள் என்றேன். ஞானவேல் கையெழுத்துப் போடாமல் அவனுடைய தீசிஸ் ஓர் அடி நகராது. அவனுக்கும் அது தெரியும்.

"பார்த்தது நான் மேடம். நானும் வர்றேன்" என்றான்.

முசியே வழக்கம்போல எழுந்து வந்தார். காபி சொன்னார். அம்மாவின் முழங்கால் என்று ஆரம்பித்தார். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே பேசினால் அவரால் பக்கத்தில் உட்கார முடியாது என்பதை அத்தனை வருஷம் கழித்து அன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன். கேனை அவர் மேசைமேல் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு மிக அழகாக ஒரு வழி சொன்னார். அந்தப் பெண்ணுக்குக் கருணை மதிப்பெண் போட்டுப் பாஸாக்கிவிடலாம், அவளும் வேலைக்குப் போகட்டும், மற்றவர்களை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும் என்றார். பேனாவை மூடினார்.

"மூடாதீங்க சார்" என்றேன். "பொய் எழுதுனவங்களுக்கு முதல் வகுப்பு, உண்மைய எழுதுனவளுக்குப் பிச்சையா? ஞானவேல் சாரைக் கூப்பிடுங்க. இந்தத் தண்ணிய அவரே அளக்கட்டும்."

அந்த அறையில் யாரும் குரலை உயர்த்தியதில்லை போலிருக்கிறது. வெளியே தட்டச்சுச் சத்தம் நின்றது. ஞானவேல் வந்தார், சரவணனை ஒரு பார்வை பார்த்தார், அதில் அவனுடைய தீசிஸ் முழுவதும் எரிந்திருக்கும். மறுக்கவும் முடியவில்லை. எல்லோரும் லேபுக்குப் போனோம்.

ஞானவேலைப் பற்றி நான் நியாயமாக எழுத வேண்டும். எங்கள் துறையிலேயே நல்ல கை அவருடையதுதான். பியூரெட்டைக் கழுவுகிற விதத்திலேயே தெரியும். குடுவையை இடக்கையால் சுழற்றி, வலக்கையால் குழாயைத் திறந்தார். கரைசல் இறங்கியது. பதினாறு புள்ளி நாலில் அவர் கை தானாக நின்றது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. பழக்கம் நிறுத்தியது. குடுவையில் சிவப்பு. அவர் தன் கையையே பார்த்தார், கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குழாயைத் திறந்தார். இருபத்தொன்று புள்ளி ஏழில் நீலம். மறுபடி செய்தார். மூன்றாம் முறையும் செய்தார். அப்புறம் பியூரெட்டைக் கழுவிக் கவிழ்த்து மாட்டினார்.

"அந்தப் பொண்ணு சரி" என்றார்.

முசியே அப்போதும் விடவில்லை. சரிதான், அதனால்தான் கருணை மதிப்பெண் என்றார். கௌரியை லேபுக்கே வரவழைத்து அவரே அன்பாக எடுத்துச் சொன்னார். பாஸ் போட்டுவிடுகிறோம், வேலையில் போய்ச் சேரம்மா, நடந்ததை மறந்துவிடு. அவள் அவரைப் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. மேசைமேல் இருந்த குடுவையைப் பார்த்தாள், அதில் இன்னும் நீலம் இருந்தது.

"கருணை மார்க்கு வேணாம் சார். நான் எழுதுனது சரியா தப்பா, அத மட்டும் சொல்லுங்க."

எனக்கு முன்னால் ஞானவேல் பேசிவிட்டார். "சரிம்மா. நான்தான் காலையில தண்ணிய பார்க்கல. எல்லாருக்கும் பரீட்சைய திரும்ப வெக்கிறேன்" என்றார். வெளித் தேர்வாளருக்கும் தேர்வுப் பிரிவுக்கும் அன்றைக்கே தன் பெயரில் எழுதி அனுப்பினார். அதைச் செய்யச் சொல்லி அவரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அதனால்தான் அவரைப் பற்றி இன்றைக்கும் யார் தவறாகப் பேசினாலும் நான் சண்டைக்குப் போகிறேன்.

அதற்குப் பிறகு நடந்தது அழகாக இல்லை. முதல் வகுப்பு கையைவிட்டுப் போன மாணவர்கள் கௌரியோடு பேசுவதை நிறுத்தினார்கள். ஹாஸ்டல் மெஸ்ஸில் அவள் உட்கார்ந்த மேசையிலிருந்து எழுந்து போனார்கள். சரவணனின் வண்டி சீட்டை யாரோ கிழித்துவைத்தார்கள். பெற்றோர் சிலர் என்னிடம் வந்து, ஒருத்திக்காக இத்தனை பிள்ளைகளின் வயிற்றில் அடிக்கிறீர்களே என்று கேட்டார்கள். நான் அவர்களையும் லேபுக்குக் கூப்பிட்டேன். யாரும் வரவில்லை.

மறுதேர்வு நாளில் ஞானவேல் எல்லோருக்கும் முன்னால் வந்து தண்ணீரை அளந்தார். மாணவர்கள் குனிந்த தலை நிமிராமல் குடுவையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கைகள் அப்படித் தடுமாறி நான் பார்த்ததே இல்லை. விடைகள் இருபதிலும் இருந்தன, இருபத்திமூன்றிலும் இருந்தன, நடுவில் எல்லா இடத்திலும் இருந்தன. ஒன்றுக்கொன்று ஒட்டவே இல்லை. சிலர் ஃபெயிலானார்கள். கௌரி பாஸானாள். வகுப்பில் முதலாவதாக எல்லாம் வரவில்லை, பாஸானாள்.

முசியே முடிவுகளைப் பார்த்து உண்மையிலேயே வருந்தினார். நம்ம துறையின் தரம் இப்படி விழுந்துவிட்டதே அம்மா என்றார். விழவில்லை சார், இத்தனை வருஷத்தில் இன்றைக்குத்தான் நாம் பரீட்சை வைத்திருக்கிறோம் என்றேன். அவருக்கு அது திமிராகப் பட்டது. திமிர்தான்.

அந்த ஜூலையில் ஆய்வு மாணவர் பயிற்சி என்னிடமிருந்து பறிக்கப்பட்டது. காபி கொடுத்து, நீங்க ரொம்ப கஷ்டப்படுறீங்கம்மா, கொஞ்சம் ஓய்வெடுங்க என்று சொல்லித்தான் பறித்தார். சரவணனை லேப் பணியிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். நான் ஓய்வெடுக்கவில்லை. சனிக்கிழமை மதியம் லேப் காலியாக இருக்கும். கேனோடு போய் உட்கார்ந்தேன். முதல் வாரம் சரவணன் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான். பிறகு தானாகவே வந்தார்கள். எந்த ஆணையிலும் இல்லாத அந்தப் பயிற்சியை நான் பணியில் இருந்த கடைசிச் சனிக்கிழமை வரை நடத்தினேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. நிறுத்தச் சொல்லவும் யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

ஞானவேல் சரவணனோடு பல மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் தீசிஸைத் தாமதிக்காமல் படித்துத் திருத்திக் கையெழுத்துப் போட்டார். சரவணன் இப்போது விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் இருக்கிறான். முதல் நாள் எந்த ஊர்த் தண்ணீரை எடுத்துக்கொண்டு போகிறாய் என்று கேட்டால் சொல்ல மாட்டான்.

கௌரி வேலையில் சேர்ந்து கொஞ்ச நாள் கழித்து ஒரு மாலை எனக்குப் போன் செய்தாள். தொழிற்சாலைக்குள்ளிருந்துதான் பேசுகிறாள் என்பது பின்னால் கேட்ட இயந்திரச் சத்தத்தில் தெரிந்தது. வெளியே விடுகிற கழிவுநீரைத் தினம் சோதித்து எழுத வேண்டியது அவள் வேலை. வேலை கற்றுக்கொடுத்த சீனியர், தினம் எல்லாம் சோதிக்கத் தேவையில்லை, எப்போதும் வருகிற அளவு இதுதான், இதையே போட்டுக்கொண்டு போ என்று சொல்லியிருக்கிறார். கெட்டவர் இல்லை மேடம், நல்லவர்தான், எனக்கு டீ எல்லாம் வாங்கித் தருவார் என்றாள். அப்படித்தான் இருப்பார்கள் என்றேன்.

"நீ என்னா பண்ண?" என்று கேட்டேன்.

"பண்ணிப் பார்த்துட்டேன் மேடம். அவங்க சொன்னது வரல. வந்தத எழுதிட்டேன். எழுதிட்டுத்தான் உங்களுக்குப் போன் பண்றேன்."

வேலைக்கு ஏதும் ஆபத்து வருமா என்று கேட்டேன். தெரியவில்லை என்றாள், மேனேஜர் காலையில் வரச் சொல்லியிருக்கிறாராம். அவளுக்கு வேறு ஏதாவது அறிவுரை சொல்லியிருக்கலாம். பக்குவமாக நடந்துகொள், புது வேலை, பார்த்துப் பேசு என்றெல்லாம் நல்ல வார்த்தைகள் இருக்கின்றன. எனக்கு ஒன்றுதான் வாயில் வந்தது.

"யார் சொன்னாலும் அத திருத்தாத."

"திருத்த மாட்டேன் மேடம்" என்றாள் கௌரி.